சுவரில் மூன்று தட்டு

— இல்லை மச்சான் றமேஷ், என்ட காதால கேட்டனான். சுவரில மூண்டு தட்டு. நீதான் தட்டினாய்.

— நான் தட்டேல்லை கிளெமென்ற். ரொக்கட்டே போகேல்லை, எதுக்குத் தட்ட?

— அதைத்தானே நானும் கேக்கிறன்! ரொக்கட் கிளம்பினா நீ உன்ட பக்கத்தால தட்டுவாய், நான் என்ட பக்கத்தால திருப்பித் தட்டுவன். இந்த ஃபிளட்டுக்கு வந்த நாளில இருந்து அதுதானே நம்மட வழக்கம். இண்டைக்கு அமெரிக்காவில பத்து, ஒன்பது எண்டு எண்ணிக்கொண்டு வந்து கடைசியில நிப்பாட்டிட்டானுகள். நானும் ஃபோனில லைவ் பாத்துக்கொண்டுதான் இருந்தன். அது அங்க சும்மா நிக்குது, இங்க தட்டு விழுது!

— பைப்பில தண்ணி வந்திருக்கும். சிம்பிள். நீ போ, பிறகு கதைப்பம்.

— ஏன்டா பாதிக் கதவுக்குள்ள நிண்டு கதைக்கிறாய்? டெனிஷா எங்க?

— குளிக்கிறா.

— ஷேர்ட்டில என்ன ரத்தம்?

— ஷேவ் எடுத்தனான்.

— இவ்வளவு தாடியை வச்சுக்கொண்டு ஷேவ் எடுத்தனியோ! தள்ளடா. தள்ளெண்டு சொல்லுறன்... ஐயோ மாதாவே! தங்கச்சி! வாயெல்லாம் ரத்தம்! ஆர் இது செய்தது?

— ஆரெண்டு கேக்கிறீங்களே, கிளெமென்ற் அண்ணே. இந்த வீட்டில என்னையும் என்ர புருசனையும் விட்டா வேற ஆர் இருக்கினம்?

— கிளெமென்ற், சத்தம் போடாத, கொட்டாஞ்சேனை முழுக்கக் கேக்கும். இது ஃபெமிலி மெட்டர். லீவு போட்டுக் காத்திருந்த ரொக்கட் லோஞ்ச் மச்சான்! நிண்டுபோச்செண்டு விசர் பிடிச்சுப்போய் இருக்கிறன், இவ சிரிக்கிறா!

— ஆர் சிரிச்சது? தேத்தண்ணி ஆறுது எண்டு சொன்னனான். அதுக்கு லெப்டொப் வயரால அடிச்சார் அண்ணே. பிறகு தலைமயிரில பிடிச்சுக் கதவு நிலையோட மோதினார்.

— ஒருக்காக் கை நீண்டிட்டுது. சிம்பிள். இனி நடக்காது.

— இனி நடக்காதோ? போன முறை ரொக்கட் வானத்தில வெடிச்சுச் சிதறேக்க நீங்கள் கைதட்டினீங்கள். டெஸ்ட்தானே, வெடிச்சாப் பரவாயில்லை, அடுத்த முறை சரி வரும் எண்டீங்கள். என்னை அடிச்சுப்போட்டும் அதே கதைதான், அடுத்த முறை சரி வரும் எண்டு. அவங்கள் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதுசு கட்டுறாங்கள் றமேஷ். எனக்கு இருக்கிறது இந்த ஒரு உடம்பு.

— வாயை மூடடி!

— எடடா கையை! என்ட கண்ணுக்கு முன்னால பொம்பிளையில கை வைக்கிறியோ? இந்தா! இந்தா, வாங்கு!

— அம்மா! மூக்கு... மச்சான், மூக்கு உடைஞ்சிட்டுது!

— உடையட்டும்! ஹாபரில சங்கிலி இழுக்கிற கை இது. எழும்படா நாயே! எழும்பு!

— கழுத்தை... கழுத்தை விடு... மூச்சு...

— உள்ளுக்கு இவளைப் போட்டு அடிச்சுக்கொண்டு, சுவரில எனக்குச் சந்தோசமாத் தட்டினியோ? நானும் ஒரு விசரன், திருப்பித் தட்டினனே! தட்டடா இப்ப! உன்ட மண்டையால தட்டு! இன்னொருக்கா!

— அண்ணே, காணும்! விடுங்கோ, செத்துப்போவார்!

— சாகட்டும்!

— அவர் பாவம் எண்டு சொல்லேல்லை. பொலிசில போய் நிண்டு கதை சொல்ல எனக்கு நேரமில்லை. கையை எடுங்கோ.

— சரி. விட்டிட்டன். கிடந்து இருமட்டும். தங்கச்சி, நீ உடுப்பை எடு. எங்கட வீட்டுக்கு வா, என்ட மனிசி றோஸியோட இரு. றோஸி! ஏய் றோஸி! இவ்வளவு சத்தத்துக்கும் எட்டிப் பாக்காம என்ன செய்யுறாள் இவள்? இரு, போய் ரெண்டு குடுத்து இழுத்துக்கொண்டு வாறன்.

— போகாதேங்கோ. உடுப்பெல்லாம் நேத்தே கட்டி வச்சிட்டன். அண்ணே, அந்தத் தட்டு என்ர. உங்களைக் கூப்பிட நான் தட்டேல்லை.

— என்ன கதை இது? பின்ன எதுக்குத் தட்டினாய்?

— லைவ் ஓடேக்க நீங்கள் ரெண்டு பேரும் ஃபோனை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டீங்கள். சுவரில என்ன சத்தம் கேட்டாலும் ரொக்கட் கிளம்பிட்டுது எண்டு நினைப்பீங்கள். அதுதான் இந்த நாளைப் பாத்தனாங்கள். ரொக்கட் கிளம்ப நான் தட்டுறது, உடனே இறங்கிறது எண்டு பேச்சு. ரொக்கட் போகேல்லை, அடிதான் விழுந்தது. இனி என்னத்தைக் காத்திருக்கிறது எண்டு தட்டிட்டன்.

— பாத்தனாங்களோ? ஆர் அது, நாங்கள்?

— போன மாசம் கையை முறிச்சீங்களே, அவதான். நீங்கள் இந்த வாசலில நிண்டு கத்தேக்க உங்கட முதுகுக்குப் பின்னாலதான் படியிறங்கிப் போனவ. றோஸி அக்கா கீழ ஆட்டோவில இருக்கிறா. வழியை விடுங்கோ.