பின் டயரின் உட்பக்கம்

"நாப்பதுலதான் போனேன். சத்தியமா."

"நாப்பதுல போற கார் பம்பரமாச் சுத்துமா? வந்த வழியைப் பார்த்துக்கிட்டு நின்னோம். எதிர்ல லாரி வந்திருந்தா?"

"வரலையே."

"அதுக்கு அந்த லாரிக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும். உங்களுக்கு இல்ல."

சண்டை போட்டவர்கள் என் மகளும் மாப்பிள்ளையும். நான் அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில், குழிக்குள், டார்ச்சோடு நின்றிருந்தேன். வீல் அலைன்மென்ட் கடை வைத்து இருபத்தாறு வருடமாகிறது. குடும்பச் சண்டை கேட்க இந்தக் குழியைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. அங்கிருந்து எனக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள்தான். அவள் செருப்பு அவரைப் பார்த்து, அவர் ஷூ வாசலைப் பார்த்து.

இந்தக் கார்க்காரர்கள் குழுவில் நிறைய பேர் எழுதிக் கேட்கிறீர்கள், ஸ்போர்ட்ஸ் காரில் பின் டயர் ஏன் ஒருபக்கமாகத் தேய்கிறது என்று. தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். காற்று அதிகமானால் நடுவில் தேயும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். வளைவில் பறக்கிற ஆளுக்கு வெளிப்பக்கம் தேயும். உட்பக்கம் மட்டும் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள், அதாவது சக்கரம் தலையை உள்ளே சாய்த்து நிற்பதை. பாவம், அது பாதிக் குற்றவாளிதான். முக்கியமான ஆள் டோ. இரண்டு பின் சக்கரமும் நேரே பார்க்காமல், கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அப்படி ஓடினால் டயர் உருள்வதோடு கூடவே இழுபடும். வெளியிலிருந்து பார்த்தால் புது டயர். உட்பக்கம் ரப்பர் போய் நூல் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டோ அளவு பாருங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ் ஆடுகிறதா என்று பாருங்கள். ஓட்டுகிறவரை சீட்டில் உட்காரவைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, நம்பிக்கையான ஆளிடம் விடுங்கள்.

இதையெல்லாம் முழுசாகக் கேட்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். நான் 'டோ' என்று ஆரம்பித்தால் என் மனைவிக்கு அடுப்பில் வைத்தது ஞாபகம் வரும். மகளுக்கு எங்கிருந்தோ போன் வரும். மாப்பிள்ளை மட்டும், "இருங்க மாமா, எழுதிக்கிறேன்" என்று நோட்டைத் திறப்பார். படம் வரைந்து அம்புக்குறியெல்லாம் போடுவார். மறுநாள் காலையில் அதில் சந்தேகம் கேட்பார்.

அவர்கள் வீடு நாலு மணி நேரத் தூரம். முதல் தடவை அந்தக் காரை நூல் பிடித்ததுபோல் சரிசெய்து கொடுத்தேன். எட்டு மாதம் அவர் வரவேயில்லை. வர வேண்டிய அவசியமே இல்லாதபடி வேலை செய்திருந்தேன்.

இரண்டாவது தடவை, பின் சக்கரத்தின் டோ போல்ட்டைக் கால் திருப்பு அதிகம் திருப்பினேன். மூன்று மாதத்தில் வந்தார்கள். அடுத்த தடவை அரைத் திருப்பு. இரண்டு மாதத்தில் வந்தார்கள். புது டயர் மாட்ட ஒரு நாள், பேச ஒரு நாள். கூலி வாங்கியதே இல்லை, அதனால் இதில் ஏமாற்று என்று எதுவும் கிடையாது. நூல் தெரிவதற்குப் பத்து நாள் முன்பே அவர்கள் வந்துவிடும்படி எல்லாம் அளந்துதான் வைத்திருந்தேன்.

இந்தத் தடவை மகளுக்குக் காய்ச்சல். வருவது மூன்று வாரம் தள்ளிப்போனது. வரும் வழியில் மழை. மழையை நான் யோசிக்கவில்லை.

குழியிலிருந்து ஏறி வந்தேன். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா. இவர் வேகமே போகலையாம். டயர் பொய் சொல்லுமா?"

மாப்பிள்ளை நிம்மதியாக என்னைப் பார்த்தார். மாமா பார்த்துக்கொள்வார் என்கிற முகம்.

"டயர் பொய் சொல்லாதும்மா" என்றேன். அது உண்மை. கையைத் துடைத்துக்கொண்டே, "வளைவுல வேகமாத் திருப்பினா இப்படித் தேயும்" என்றும் சொன்னேன்.

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கம் புரட்டினார்.

"மாமா, வளைவுல போனா வெளிப்பக்கம் தேயும்னுதானே சொன்னீங்க? இதோ, எழுதியிருக்கேன்."

"அது வேற கார் மாப்ளே."

பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த மாதமே காரை விற்றார்கள். விற்பதற்கு முன் கொண்டுவரச் சொல்லி, போல்ட்டைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தேன். வாங்குகிறவர் யாரோ எவரோ. அவருக்கு நான் ஏன் துரோகம் செய்ய வேண்டும்?

இப்போது ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதமாக வரவில்லை. மகள் மட்டும் போன் செய்கிறாள். போன வாரம், "கண்ணைப் பார்த்து நாப்பதுன்னு சொன்னாரேப்பா. இப்ப ஆபீஸ்ல லேட்டுன்னு சொன்னாக்கூட நம்பத் தோணல" என்றாள். நான், "காலப்போக்குல சரியாயிடும்மா" என்றேன்.

அவர் நாற்பதில்தான் போனார். காரைச் சுற்ற வைத்தது நான். இதை அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் போனில் சொல்கிற விஷயமா இது? நேரில், நிதானமாகச் சொல்ல வேண்டும். வரும் ஞாயிறு வருகிறார்கள், ஆனால் சாயங்காலமே கிளம்பிவிடுவார்களாம். அந்த அவசரத்தில் சொன்னால் நன்றாக இருக்காது. அடுத்த தடவை வரும்போது சொல்லிவிடுவேன். அவர்கள் அடுத்த தடவை சீக்கிரம் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் ஒரு உதவி. இந்தச் சின்னக் காரில் பின்பக்கம் ஒரே அச்சு. திருப்புவதற்கு போல்ட்டே கிடையாது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்தால் டோ மாறும் என்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு டயர் தேய எவ்வளவு கனத்தில் தகடு வைக்க வேண்டும்? மழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். செய்து பார்த்தவர்கள் சனிக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள்.