காலண்டரில் மூன்று கோடு

சங்கரன்கோவிலில் திருநெல்வேலி பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவருடைய அக்காவும். அக்காவின் மடியில் பட்டுச்சேலைப் பை, ஒரு மருந்து பாட்டில், கிழித்தெடுத்த காலண்டர் தாள்.

"ஏலே, நேத்து எத்தன தடவ வெளிய போன?"

"அதான் மூணு கோடு போட்டிருக்கேன்லா."

"கோடு இருக்கு. பேதி மருந்து ஒரு மூடி கூட கொறையல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஈரல் கெட்டவனுக்கு மலம் கட்டுனா விஷம் தலைக்கு ஏறும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? போன மாசம் என்னையவே யாருன்னு கேட்டியே."

"நாளைக்கு நான் தாய்மாமன்லா. பொண்ணுக்கு மாலை போடுத நேரத்துல வயித்தப் புடிச்சிட்டு ஓடவா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போட்டும். எம்மவ காத்திருப்பா. அவளப் பாத்து யாருன்னு கேட்டா என்னலே செய்வா?"

"ரெண்டு நாள்தான நிப்பாட்டினேன். ஒண்ணும் ஆகல."

"ஆகலியா? டாக்டர் பாப்பாருல்லா, அப்படிக் கைய நீட்டு. உள்ளங்கைய நிமித்து."

நீட்டினார். மணிக்கட்டிலிருந்து இரண்டு கைகளும் தாமாகவே விழுந்து விழுந்து எழுந்தன. அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்துவிட்டாள்.

"எறங்கு. விஷம் ஏற ஆரம்பிச்சிட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அப்போ மாலை?"

"நீதாம்லே போடணும். அதுக்குத்தான் எறங்கச் சொல்லுதேன்."