நிரோஜாவின் இடத்தில் யார் பேர் பதிவது?

மேடையில் வீற்றிருக்கும் தோட்டத் தலைவர் அழகமுத்து அண்ணன் அவர்களே, என் மருமகளுக்கு ஓட்டம் பழக்கிய விளையாட்டு வாத்தியார் பஸ்லி சேர் அவர்களே, கொழுந்து நிறுக்கிற இந்த மடுவம் நிறைய உட்கார்ந்திருக்கும் என் சனங்களே! நிரோஜாவின் தாய்மாமன், மாத்தளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சசிக்குமாருடைய வணக்கம். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ரெண்டு வார்த்தையோடு நிறுத்தி எனக்கு எப்போது பழக்கம்?

மாகாண வீராங்கனை, மலையகத்தின் மின்னல், செல்வி நிரோஜா அவர்கள்! யார் அவள்? கூடையை இறக்கி வைத்துவிட்டு ஃபெக்டரி ரோட்டில் கொழுந்து லொறியோடு ஓடினாளே, அவள்! லொறி தோற்றது. தினமும் தோற்றது. வெட்கம் தாங்காமல் டிரைவர் நாலந்தாப் பக்கம் டிரான்ஸ்பர் கேட்டுப் போனார். பஸ்லி சேர் சிரிக்கிறார். சிரிங்க சேர், நான் சொல்வதில் பாதியாவது உண்மை என்று உங்களுக்குத் தெரியும்!

மாகாணப் போட்டிக்கு அவளுக்கு முன்னே இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை போனதுண்டா? மைதானத்தில் ஒருத்தி சிங்களத்தில் கேட்டாளாம், "தோட்டத்துப் பிள்ளைங்களும் ஓடுவாங்களா?" என்று. இவளும் சிங்களத்திலேயே, "பின்னால வா தங்கச்சி, காட்டுறேன்" என்றாள். ஐயாயிரம் மீற்றர்! ஓடி முடித்து, தண்ணீர் குடித்து, தலை பின்னி ரிப்பன் கட்டிய பிறகுதான் ரெண்டாவது ஆள் வந்து சேர்ந்தாள். அதே பிள்ளைதான்! இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தது. அதற்குப் பிறகு நம்ம லயத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை ஓடினால் "எங்கடி ஓடுற?" என்று யாராவது அதட்டினோமா? "எத்தனாவதா வந்தே?" என்றல்லவா கேட்டோம்!

பிறகு தேசியக் குழாமுக்குக் கூப்பிட்டார்கள். கொழும்பில் தங்கிப் பழக வேண்டும். போனாளா? இல்லை. ஏன்? வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் எங்களுக்குக் கொடுத்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருத்தர் பேராவது வேலைக்குப் பதிந்திருக்க வேண்டும். பேர் வெட்டுப்பட்டால் சட்டி பானை வாசலுக்கு வரும். என் அக்கா நல்லம்மா இடுப்பு விழுந்து வேலையை விட்ட பிறகு, அந்தக் காம்பராவைப் பிடித்து வைத்திருந்தது நிரோஜாவின் பேர் ஒன்றுதான்.

நான் சண்டை போட்டேன். "கழுத, நீ போடி, மாமன் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"எதை மாமா பார்ப்பீங்க? நான் ஓடினா வீடும் சேர்ந்து ஓடிரும்" என்று சிரித்தாள். அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு, பதினோராம் நம்பர் மலையைத் தாண்ட முடியாமல் நின்றாள்!

அன்றைக்கு அதே மலையில் கொழுந்து எடுக்கையில் குளவிக் கூடு கலைந்தது. எல்லோருக்கும் முன்னால் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது யார்? அவள்தான். தப்பிவிட்டாள், என் சனங்களே! பிறகு திரும்பிப் பார்த்தாள். சவரியம்மா அக்கா மழைத்தண்ணி போகிற கானுக்குள் விழுந்து கிடந்தார். "எனக்கு வயசாச்சு, நீ ஓடுடி!" என்று அவர் கத்த, "வாயை மூடுங்க, குளவி உள்ள போயிரும்" என்று அதட்டியபடி மேலே ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து அவருக்குப் போர்த்தி, அதன்மேல் தானே கவிழ்ந்து படுத்தாள். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அதோ, முன் வரிசையில் சவரியம்மா அக்கா. முகத்தில் குளவி கொட்டின தடம் இன்னும் மறையவில்லை.

அவள் கருமாதி முடிந்த மறுநாளே அக்காவிடம் ஆள் வந்து சொல்லியாயிற்று: "காம்பரா வேணும்னா சின்னவ பேரைப் பதிங்க. திங்கட்கிழமை பெரட்டுக்கு வரட்டும்." காலையில் வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக்களத்துக்கு! சின்னவள் மதுஷிகாவுக்கு வயது பத்தொன்பது. அவளும் ஓட்டக்காரிதான். அக்காள் போகாமல் விட்ட அதே பயிற்சிக்கு, அதே திங்கட்கிழமை போக வேண்டியவள்.

எனக்கு முன்னே பேசிய எல்லோரும், "அக்காள் விட்ட பணியைத் தங்கை தொடர வேண்டும்" என்றீர்கள். எந்தப் பணியை? ஓட்டத்தையா, கூடையையா? பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, பார்த்தீர்களா? இன்று காலையில் அக்காளுடைய கூடைக் கயிற்றைத் தன் தலைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணால் கண்டேன்.

அந்தப் பத்தடிக் காம்பரா ஒரு ஆளைக் கேட்கிறது. கொடுக்காமல் விடாது. சரி, தலைவர் அண்ணன், என் பேரைப் பதியச் சொல்லுங்கள்!

"டேய், உனக்கு அம்பத்திரண்டு வயசுடா" என்கிறாள் அக்கா. அம்பத்தொண்ணு, அக்கா! கடையை என் சம்சாரம் பார்த்துக்கொள்வாள். இதுவரைக்கும் பார்த்ததும் அவள்தான். இந்த மலையை விட்டு இறங்கினவன் இனி ஏற மாட்டேன் என்று டவுன் முழுக்கச் சவால் விட்டவன் நான். ஏறுகிறேன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை என் கை தொட்டதில்லை. ஆனால் ஆறே மாதத்தில் என்னைப்போல் கவ்வாத்து வெட்ட மாத்தளை மாவட்டத்திலேயே ஆள் இருக்க மாட்டான்!

பஸ்லி சேர், பிள்ளையை நீங்கள் பஸ் ஏற்றிவிடுங்கள். திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில், நிரோஜாவைக் கூப்பிட்ட இடத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். "இருக்கேன்!" என்று மலை அதிரச் சொல்வேன்.

மதுஷிகா, அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் நீ இருக்கக் கூடாது.