மேளக்காரனுக்குச் சோறு

கூடையை என்னத்துக்குப்பா கிண்டுற? இடிச்ச கிழங்கும் பூசணி விதைக் குழம்பும்தான். துப்பாக்கியையா ஒளிச்சு வச்சிருக்கேன்? இருந்ததைத்தான் உங்க வெள்ளைக்காரத் தொரை வண்டி வச்சு அள்ளிட்டுப் போயிட்டானே! பலோகுன் ஒகுன்திரான்யா நான்... பலோகுன்னா இந்த ஊருப் படைத்தலைவன்! நான் குதிரையில கெளம்புனா பக்கத்து ஊருல கதவைச் சாத்துவான். இப்ப? சாக்கடை வெட்டுறதை மேற்பார்வை பாக்கணுமாம். படைத்தலைவன்... சாக்கடைக்கு! தூ!

சிரிக்காத, சிவப்புத் தொப்பி. செயிலுக்குக் காவல் நிக்கிறவனுக்கு என்ன சிரிப்பு? உள்ள இருக்கானே அயன்டோக்குன், அவன் என் மேளக்காரன். நாளைக்குத் திருவிழா. ராசா வாசல்ல மேளம் என் பாட்டன் முப்பாட்டன் பேரையெல்லாம் சொன்னாத்தான் நான் உள்ள காலெடுத்து வைக்க முடியும். தொரைகிட்டச் சொல்லி ஒருநாளைக்காவது விடச் சொல்லேன். இவன் இல்லாம நேத்து சந்தைக்குள்ள போனேன்... ஒரு மிளகாக்காரி, என்னைப் பாத்து, 'ஓரமாப் போய்யா'ங்குறா!

மேளம் எப்படிப் பேரு சொல்லும்னா கேக்குற? அட, நீ வடக்கத்திக்காரன், உனக்கு அது வெறும் டம்டம். எங்களுக்குப் பேச்சு. கக்கத்துல வச்சு இறுக்கி விட்டான்னா அப்படியே வாய்ப்பேச்சுதான். தொரை போட்ட பெரிய கூட்டத்துல என்ன வாசிச்சான் தெரியுமா? 'தோலுரிச்ச கிழங்கு நாற்காலியில குந்தியிருக்கு, அதுக்கு ஒரு தொப்பி வேற!' தலைவருங்க அத்தன பேரும் உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்தத் தொரை... காலால தாளம் போடுறான்யா! பிரமாதங்குறான்!

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. திட்டு வாங்குறவனுக்கு உறைக்க வேணாமா? எதிரியை மூஞ்சிக்கு நேரா வஞ்சுட்டுத்தான் நாங்க கத்தியை உருவுவோம். துபாசியைக் கூப்பிட்டேன். மேளம் சொன்னதை ஒரு சொல்லு விடாம தொரைக்குச் சொல்லுன்னேன்... ஆமாய்யா, நான்தான்! வேற எவனுக்கு அந்தத் தைரியம் வரும்? தொரை மூஞ்சி செவந்ததைப் பாத்திருக்கணும் நீ! ஆனா என்னை விட்டுட்டு மேளக்காரனைப் புடிப்பான்னு எவன் கண்டான்? சண்டைன்னா தலைவனைப் புடிக்கணும். அந்த மொறை கூடத் தெரியாத பய!

இரு இரு... மேளச் சத்தம்! அவனேதான். கைதிங்க புல்லு வெட்டுறதுக்கு வாசிக்க விட்டிருக்கீங்களா? கேளு, கேளு, என் பேருதான் வருது! 'ஒகுன்திரான்... படை நடத்துன ஒகுன்திரான்...' பாத்தியா, செயிலுக்குள்ளயும் மறக்கல! '...கத்தியைத் தொரைகிட்டக் குடுத்தான், நாக்கை வச்சு சொந்த ஆளையே...'

ம்...

தெருவுல எதுக்கு இந்தச் சிரிப்பு சிரிக்கிறாளுங்க? அந்த மிளகாக்காரி வேற வயித்தைப் புடிச்சுக்கிட்டு...

என்னது? என்ன சொல்றான்னா?

அது... ஒண்ணுமில்லப்பா. புல்லை ஒட்ட வெட்டச் சொல்றான். இந்தா, சோத்தை உள்ள குடு. ஆறிடப் போகுது.