சாமந்தி தின்ற கார்புரேட்டர்

"மூணு கார்புரேட்டர்ல நடுவுல இருக்கறது சாமந்திப்பூ தின்னுடுச்சு மச்சான்."

மார்க்கெட்டிலிருந்து விவேக் நகர் போகும் பஸ்ஸில், முன் சீட்டு மெக்கானிக் தன் மச்சானிடம் சொன்னது இது. மூன்றாம் வகுப்போடு நின்று சொந்த லாரி வரை வந்தவன் நான். நானே இப்படி ஒரு கேஸைக் கேள்விப்பட்டதில்லை.

"பூ எப்படி உள்ள போச்சு?"

"பழைய அமெரிக்கா காரு. பானெட்ட வெட்டி மூணையும் வெளிய தெரியற மாதிரி வெச்சிருக்கோம். மேல மூடி போட்டா அழகு போயிடும்னாரு ஓனரு. நேத்து பூஜையில அவரு அம்மா அதுங்க மேலயே மாலை போட்டாங்க. ஸ்டார்ட் பண்ணேன், காத்தோட பூவையும் உள்ள இழுத்துடுச்சு."

"மாலைய எடுத்துட்டு ஸ்டார்ட் பண்றதுதான?"

"பூஜையில போட்ட மாலைய நான் எப்படி எடுக்கறது?"

"நாளைக்குத்தான அவரு பையனுக்கு மாப்பிள்ளை ஊர்வலம்?"

"ஆமா. அந்தக் கார்லதான் போகணுமாம். நடுரோட்ல நின்னுச்சுன்னா ஷெட்ட மூடிக்கோன்னுட்டாரு. இப்பப் போயி மூணையும் கழட்டிக் கழுவி, ஒரே மாதிரி மூச்சு விட செட் பண்ணணும்."

"அது உனக்குப் பெரிய வேலையா? ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?"

மெக்கானிக் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே ரோஜா மாலைகள்.

"நேத்து நடந்தது அபசகுனம்னு அந்தம்மா சொல்றாங்க. ஊர்வலம் கிளம்பறப்ப மூணுக்கும் தனித்தனியா போடணுமாம்."