ஓரகத்தியின் குரல்

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மேடம். அடிக்கடி கனைக்காதீர்கள். கனைத்தால் சரியாகிவிடும் போலத் தோன்றும், ஆனால் அது புண்ணைச் சொறிவது மாதிரி. ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு மெல்ல 'ம்' என்று இழுங்கள். மூக்கின் மேல் லேசாக அதிர வேண்டும். அவ்வளவுதான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பாட்டு வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "தொண்டை இருக்கிறவங்க எல்லாம் பாடப் போனா கேக்கறது யாரு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு நானாகத்தான் கற்றுக்கொண்டேன். காலையில் குளியலறையில் உதட்டை அதிரவிட்டபடி கீழ்ச் சுரத்திலிருந்து மேலே, மேலிருந்து கீழே. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து, குமிழி சீராக வரும்படி அதற்குள் பாடுவேன். குமிழி தடுமாறினால் மூச்சு தடுமாறுகிறது என்று அர்த்தம். செல்போனில் பதிவு செய்து, சுருதி விலகிய இடங்களைக் காகிதத்தில் குறித்துவைப்பேன். பதினோரு வருடம் ஒரு நாள் தவறியதில்லை.

பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது என் வேலை. 'ஏழாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து' என்று நாள் முழுக்கச் சொல்லியும் என் குரல் தேயவில்லை. காரணம், வேலை முடிந்தால் வாயைத் திறக்க மாட்டேன். கத்துவது என்பது கிடையவே கிடையாது. மாமியார் என்ன குத்திக்காட்டினாலும் உரக்க ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. என்னைப் பொறுமைசாலி என்பார்கள். பொறுமை இல்லை, மேடம். கோபத்துக்காகக் குரலைச் செலவழிக்க மனம் வரவில்லை. கோபம் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்தது.

ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் மனைவி, என்னைவிட ஒரு வயதுதான் இளையவள். ஆனாலும் வாய் நிறைய அக்கா என்பாள். பேக்கரியில் விற்பனைக்கு நிற்கிறாள். வெறும் வயிற்றில் ஐஸ்கிரீம் தின்பாள். தெருக்கோடியில் போகிறவர்களை வாசலில் நின்றபடியே கூப்பிடுவாள். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையிலிருந்துதான், துணி காயப்போடும்போது, ஒரு பாட்டு வரும். பயிற்சி இல்லை, பத்தியம் இல்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வரும். "நீ முக்கி முக்கிப் பாடறே. அவ மூச்சு விடற மாதிரிப் பாடறா" என்றார் மாமியார், வெங்காயம் உரித்துக்கொண்டே. அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஊரில் மேடை இசைக்குழு நடத்துகிற ஒருவர் இருக்கிறார். கீபோர்டு அண்ணன் என்பார்கள். பெண் குரலுக்கு ஆள் தேடுகிறார் என்று தெரிந்து, ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் அவள் ஏதோ பாடினாள். அவர் தலை தானாகத் திரும்பியது.

"அது யாரு?" என்றார்.

நான் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தேன், மேடம்.

அவளைத்தான் எடுத்துக்கொண்டார். ஒத்திகை தொடங்கிய இரண்டாம் மாதம் அவள் குரல் கரகரத்தது. குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி, ஆபத்தில்லாதது. அறுவை செய்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். "பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. உள்ள பச்சைப் புண்ணு. இப்பக் கத்தினா கிழிஞ்சிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. இவளாவது பத்து நாள் வாயை மூடுவதாவது, தன்னாலேயே கெடுத்துக்கொள்வாள் என்று இருந்தேன். ஆனால் மூடினாள். மகளின் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினாள். நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா ரெண்டு வார்த்தை பேசினா ஒண்ணும் ஆகாது. டாக்டர்னா அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றேன். தலையாட்டிவிட்டு எழுதினாள்: 'வேணாம்க்கா. உங்களை மாதிரி ஒழுங்கா இருக்கப் போறேன். சரியானதும் அந்த ஸ்ட்ரா பயிற்சி சொல்லித் தாங்க.'

அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு முன்னால், அதுவரை வந்ததெல்லாம் தூசு. என்னிடம் இருந்தது ஒழுங்கு ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள்.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவள் கீழே வாசல் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்கு இரண்டரை வயது. துணி உலர்த்தப் போகலாம் என்று சொல்லி இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் மேல், வெளிப்பக்கம் பார்த்து நிற்க வைத்தேன். நான் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கவுனின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே இருப்பவளுக்கு நான் தெரிய மாட்டேன்.

குழந்தை காக்காய் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றது. அவள் நிமிரவில்லை. வாளியில் தண்ணீர் நிரம்புகிற சத்தம் கேட்டது. எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பது? பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். குழந்தைக்குக் கால் ஆடியது. பயந்துபோய் "அம்மா" என்றது.

அவள் கத்தினாள். குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். முதல் எழுத்து முழுதாக வந்தது. அந்த நிலையிலும் சுருதி விலகவில்லை, கவனித்தேன். இரண்டாம் எழுத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் எழுத்து வரவே இல்லை.

உடனே குழந்தையைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டேன். அவள் மாடிப்படியில் விழுந்தடித்து ஏறி வந்தாள். வாயில் ரத்தம். நான் துணி உலர்த்தித் திரும்புவதற்குள் குழந்தை தானாகச் சுவரில் ஏறிவிட்டது என்றேன். "பெரியவ மட்டும் மாடியில இல்லேன்னா புள்ள இன்னிக்குப் போயிருக்கும்" என்று மாமியார் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஓரகத்தி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேச வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இன்றைக்கும் காற்றுதான் வருகிறது. பேக்கரியில் அவளை உள்ளே, பெட்டி கட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

கீபோர்டு அண்ணன் அவளுக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டார். ஒரு மேடை பாடினேன். முடிந்ததும் "சுருதி சுத்தம்மா, ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

எதிர்வீட்டுத் தையல்காரர் தன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததாகவும், அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று நாலு மாதம் பொறுத்துவிட்டு, மனசு கேட்காமல் போன வாரம் என் கொழுந்தனிடம் சொன்னதாகவும் சொல்கிறீர்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி. குழந்தையைச் சுவரில் நிறுத்தியது நான். அவள் கத்த வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஓரகத்திக்கு என் பாட்டு பிடிக்காது என்று கொழுந்தன் சொல்லியிருந்தால், அதை மட்டும் எழுதாதீர்கள். இந்த நாலு மாதமும் நான் சாதகம் செய்யும்போதெல்லாம் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டிருக்கிறாள். நன்றாக இல்லை என்று ஒரு நாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை.