லிட்டருக்கு முப்பத்திரண்டு

தம்பி: போதும் மாமா, ஊத்தாதீங்க! வழியுது பாருங்க!

மாமா: வழியுதா? அதுக்குள்ளயா?

தம்பி: டேங்க்ல விரலை விட்டுப் பாருங்க. கழுத்து வரைக்கும் நிக்குது டீசல்.

அக்கா: நிறைஞ்சுடுச்சுன்னா மூடியைப் போடேன்டா. எத்தனை ஜக்கு?

தம்பி: மூணு.

மாமா: மூணா...

தம்பி: மூணே மூணு லிட்டர். நான் பன்னெண்டு ஜக்காவது பிடிக்கும்னு கையை மடிச்சு விட்டுட்டு நின்னேன்.

அக்கா: வண்டி சாய்ஞ்சு நிக்குதோ என்னமோ...

தம்பி: காலையில நாலு சக்கரத்துக்கும் சாக்பீஸ்ல கோடு போட்டேன்ல? அதே கோட்டுல நிக்குது. அப்பவும் இதே மாதிரி கழுத்து வரைக்கும் ரொப்பி, உங்க ரெண்டு பேர் கண்ணு முன்னாடிதான் மூடியைப் பூட்டினேன். போக நாப்பத்தெட்டு, வர நாப்பத்தெட்டு. தொண்ணூத்தாறை மூணால வகுங்க மாமா.

மாமா: ...முப்பத்திரண்டு.

தம்பி: லிட்டருக்கு முப்பத்திரண்டு! அடேங்கப்பா! முப்பத்தஞ்சு வயசு ஃபோர் வீல் ஜீப்பு! என் ஸ்கூட்டரே நாப்பதுக்கு மூச்சு வாங்குது.

அக்கா: நல்லதுதானே? நாம கேட்டது ஒன்பது. அது தாராளமா குடுத்துடுச்சு. பேச்சு முடிஞ்சுது, கை கழுவிட்டு டீ குடிக்கலாம் வா.

தம்பி: இரு இரு. என்னை ஜட்ஜா உட்கார வச்சது யாரு? நீங்க ரெண்டு பேரும்தானே? மூணு வாரமா வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, கடைசியில முடிவை வண்டிகிட்ட விட்டீங்க. ஒன்பதோ அதுக்கு மேலயோ குடுத்தா அக்கா தினம் இதுலயே மலை மேல வானிலை நிலையத்துக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பிடறது. கீழ போனா ஜீப்பை வித்துட்டு அக்கா அங்கயே குவார்ட்டர்ஸ்ல தங்கறது. மாமா இங்க தனியா உட்கார்ந்து பல் செட்டு செஞ்சுட்டு இருக்கறது. அப்படித்தானே?

மாமா: அப்படித்தான். எனக்கு எதுவா இருந்தாலும் சரிதான்.

அக்கா: எனக்கும்தான்.

தம்பி: ஆஹா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்ல. அதனாலதான் காலையில ஆறு மணிக்கே வந்து என் ஷெட்டுக் கதவைத் தட்டினீங்களாக்கும்.

மாமா: நீ விஷயத்துக்கு வாடா.

தம்பி: வர்றேன். இறக்கத்துல எஞ்சினை அணைச்சுட்டு உருட்டிட்டு வந்தீங்களா?

அக்கா: ஐயோ, பிரேக்கு பிடிக்காதுடா அப்புறம். கியர்லதான் இறக்கினேன்.

தம்பி: நீயா ஓட்டின?

அக்கா: போறப்போ இவர், வர்றப்போ நான். நாளைக்கு ஓட்டப் போறது நான்தானே... அதாவது, ஓட்டினா.

தம்பி: ஸ்பீடோமீட்டர் கேபிள் கழண்டுச்சா?

மாமா: வழியெல்லாம் கல்லு நட்டிருக்கே. எண்ணிட்டுத்தான் போனேன். நாப்பத்தெட்டு, துல்லியமா.

தம்பி: காத்து?

அக்கா: மேக்குல இருந்து, பன்னெண்டு கிலோமீட்டர் வேகம். போறப்போ எதிர்க்காத்து.

தம்பி: அதானே, உன்கிட்ட காத்தைக் கேட்கலாமா! எதிர்க்காத்து வேறயா? இந்த மூஞ்சிக்கு எதிர்க்காத்து ஆகவே ஆகாதே.

மாமா: வண்டி மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?

தம்பி: அலமாரியைப் படுக்கப் போட்டா மாதிரி இருக்கு மாமா. காத்தை நெஞ்சால தள்ளிக்கிட்டுத்தான் போகும். வெறும் பின் சக்கரத்துல ஓட்டினாலும் முன் சக்கரத்து கியரு, ஆக்சில், கம்பி எல்லாத்தையும் சேர்த்துச் சுமக்கணும். அதனாலதான் இந்த ஜாதி வண்டியெல்லாம் ஏழு, எட்டு, நல்லா வச்சுக்கிட்டா ஒன்பது. அதுக்கு மேல ஒருத்தன் சொன்னா அவன் வண்டியை விக்கப் பார்க்கறான்னு அர்த்தம்.

மாமா: நீ போன மாசம் டீசல் பீச்சற நாசில் மாத்தினயே...

தம்பி: நாசில் மாத்தினா அரைக் கிலோமீட்டர் ஏறும். இருபத்து மூணு ஏறுமா? நான் என்ன மந்திரவாதியா?

அக்கா: கைராசிக்காரன்டா நீ.

தம்பி: ஐஸ் வைக்காத. சின்ன வயசுல என் பம்பரத்தை ஒளிச்சு வச்சுட்டு இதே குரல்லதான் பேசுவ... மாமா, நீங்க ஏன் வேர்த்து வழியறீங்க?

மாமா: ஷெட்டுல ஃபேன் ஓடலையே.

தம்பி: ஓடுது. உங்க தலைக்கு மேலதான்.

மாமா: ...ஓ.

தம்பி: சரி, நான் ஒண்ணு சொல்றேன். ஜீப்புக்கு ஊத்தினது பங்க்ல வாங்கினது, ஆனா பார்ட்ஸ் கழுவறதுக்கு அந்த மூலையில டிரம்முல புது டீசல் வச்சிருக்கேன்ல? நேத்து பூட்டறதுக்கு முன்னாடி குச்சி விட்டுப் பார்த்தேன், இருபத்தோரு லிட்டர். இன்னிக்கு நீங்க கிளம்பினதும் மறுபடி விட்டேன். பன்னெண்டு.

அக்கா: எலி தட்டி விட்டிருக்கும்.

தம்பி: ஒன்பது லிட்டரையா? தரையில ஒரு சொட்டு இல்ல. அப்ப அந்த எலி குடிச்சுட்டு இப்ப லாரியா ஓடிட்டிருக்கும்.

மாமா: டேய், எங்களைச் சந்தேகப்படறியா?

தம்பி: சேச்சே. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். மாமா, நீங்க பல் செட்டு வேலைக்கு சுத்தத் தண்ணி வாங்கற வெள்ளைக் கேன், அஞ்சு லிட்டர்... அது எதுக்கு ஜீப்பு பின் சீட்டுக்கு அடியில இருக்கு?

மாமா: ரேடியேட்டருக்கு.

தம்பி: தண்ணியா?

மாமா: தண்ணி.

தம்பி: மோந்து பார்க்கட்டுமா?

மாமா: ...வேண்டாம்.

அக்கா: என்னங்க இது?

மாமா: அஞ்சு லிட்டர்தான்! அதுக்கு மேல ஒரு சொட்டு எடுக்கலை, சத்தியமா. காலையில இவன் பல்லு விளக்கப் போனப்போ பிடிச்சேன். மேல போனதும் இவ ஆபீசுக்குள்ள போனாளா, டேங்க் சாவிதான் என்கிட்ட இருந்துச்சே...

அக்கா: கள்ளத்தனம்! இந்த வயசுல! பல் டாக்டருங்க நாலு பேர் உங்களை நம்பி அச்சு அனுப்பறாங்களே, அவங்க கேட்டா என்ன நினைப்பாங்க?

மாமா: தப்புதான்.

அக்கா: ஒரு சோதனைன்னா சோதனை. அதுல போய் கையை வைக்கலாமா?

தம்பி: கொஞ்சம் இரு அக்கா. உபதேசத்தை அப்புறம் பண்ணு. கணக்கு உதைக்குது. மாமா எடுத்தது அஞ்சு. டிரம்முல குறையறது ஒன்பது.

அக்கா: அதுக்கு என்ன?

தம்பி: மிச்சம் நாலு எங்க?

அக்கா: குச்சியில நீ கோடு சரியாப் போட்டிருக்க மாட்ட.

தம்பி: அக்கா, உன் குடைப் பையில ரெண்டு காலி தண்ணி பாட்டில் இருக்கு. ரெண்டு லிட்டர் பாட்டில். ரெண்டு ரெண்டு நாலு.

அக்கா: என் பையை எதுக்குடா தொட்ட?

தம்பி: தொடலை. பாட்டில் கழுத்து ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. நீ வந்து இறங்கினதுல இருந்து என் ஷெட்டுல புதுசா ஒரு டீசல் வாசம், உன் பின்னாடியே நடக்குது.

மாமா: அடிப்பாவி!

அக்கா: சிரிக்காதீங்க.

மாமா: எப்ப ஊத்தின?

அக்கா: வர்ற வழியில. நீங்க வாயைப் பொளந்துட்டுத் தூங்கினப்போ. ஓரமா நிறுத்தி, ஊத்தி, மூடியப் பூட்டி, கையத் துடைச்சுட்டு, மறுபடி கிளப்பினேன். நீங்க முழிச்சு, "என்ன, நின்னுட்டோமா?"ன்னு கேட்டீங்க. மாடு குறுக்க வந்துச்சுன்னேன்.

மாமா: ஆமா! நான் கூட, எங்கடா மாட்டையே காணோமேன்னு பார்த்தேன்!

தம்பி: என் டீசலைத் திருடி, நான் வச்ச சோதனையில ஊத்தி, என்னையே ஜட்ஜா உட்கார வச்சு... நல்லா இருக்கே குடும்பம்! ஒருத்தராவது கம்மியா ஊத்தியிருந்தா பதினஞ்சு, பதினாறுன்னு வந்திருக்கும். நானும் தலையைச் சொறிஞ்சுட்டு விட்டிருப்பேன். ரெண்டு பேரும் போட்டி போட்டு ஊத்தி முப்பத்திரண்டு ஆக்கிட்டீங்க.

மாமா: இப்ப நிஜ மைலேஜ் என்ன?

தம்பி: அஞ்சும் நாலும் ஒன்பது, இப்ப ஊத்தினது மூணு. பன்னெண்டு. தொண்ணூத்தாறை வகுத்தா... எட்டு.

அக்கா: எட்டா...

தம்பி: எட்டு.

மாமா: ஒன்பது இல்லையா.

தம்பி: இல்ல மாமா.

மாமா: சரி... சரி. பேசினது பேசினதுதான். நல்ல குவார்ட்டர்ஸ். ஜன்னல்லாம் பெருசு. பதினாறு வருஷமா காத்திருந்து கிடைச்ச பொறுப்பு. எட்டரை மணி ரீடிங்குக்கு எழுந்து வாசல்ல நடந்தாப் போதும், அவளுக்கும் சௌகரியம்...

தம்பி: மாமா, குரல் ஏன் கம்முது?

மாமா: டீசல் நெடி.

அக்கா: நிஜத்தைச் சொல்லுங்களேன். எதுக்கு ஊத்தினீங்க?

மாமா: எதுக்குன்னா... நீ இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை? பட்டறையில உட்கார்ந்து ஒரு பல்லை ராவிட்டு, "இது சரியா இருக்கா பாரு"ன்னு நான் யார்கிட்ட நீட்டறது? எனக்குப் பயமா இருக்கு, போதுமா? அந்த வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு.

அக்கா: இதை மூணு வாரத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாமே!

மாமா: சொன்னா நீ வேலையையே வேண்டாம்னுடுவ. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? அதான் வண்டி சொல்லட்டும்னு பார்த்தேன்.

அக்கா: நீங்க சொல்லலையேன்னு நானும், நான் போனா இவருக்கு நிம்மதியோன்னு... சே!

தம்பி: கொஞ்சம் நகருங்க ரெண்டு பேரும். அழறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழுங்க. எனக்கு முன் சக்கரம் தெரியலை.

மாமா: அங்க என்னடா குனிஞ்சு பார்க்கற?

தம்பி: மேல சேறு இருந்துச்சா?

மாமா: கடைசி ரெண்டு கிலோமீட்டர் பூரா சேறுதான். இறங்கி ரெண்டு முன் சக்கரத்துலயும் ஹப்பைத் திருகி லாக் பண்ணி, நாலு சக்கரத்துலயும்தான் ஏத்தினேன்.

தம்பி: திரும்பி வந்து, சேறு தாண்டினதும் ஹப்பைத் திருப்பி ஃப்ரீ பண்ணினது யாரு?

அக்கா: இவர்தான்.

மாமா: நானா? நீதானே!

அக்கா: நான் ஸ்டியரிங்ல இருந்தேன். ஃபோர் வீல் லீவரைத் தள்ளிட்டு நிறுத்தினேன். நீங்கதானே கதவைத் திறந்துட்டு இறங்கிப் போனீங்க?

மாமா: நான் இறங்கினது இடுப்பை நிமித்தறதுக்கு! நான் திரும்பி வர்றதுக்குள்ள நீ திருகிட்டேன்னு நினைச்சேன்.

தம்பி: பாருங்க ரெண்டு ஹப்புக் குமிழையும். ரெண்டும் லாக்குல நிக்குது. நாப்பத்தாறு கிலோமீட்டரும் முன் ஆக்சில் மொத்தத்தையும் சும்மா சுத்த விட்டுக்கிட்டே வந்திருக்கீங்க! டீசல் என்னத்துக்கு ஆகும்?

மாமா: அப்ப ஹப்பை ஃப்ரீ பண்ணியிருந்தா?

தம்பி: எட்டரைக்கு மேல நிச்சயம் வரும். டயர்ல காத்தும் கம்மியா இருக்கு, அதையும் ஏத்தினா ஒன்பதைத் தொடலாம். தொடாமலும் போகலாம். நாளைக்கே மறுபடி ஓட்டுவோம். இந்தத் தடவை டிரம்முக்குப் பூட்டு, கேன் வெளிய, பாட்டில் வெளிய, நானும் பின் சீட்டுல உட்கார்ந்து வருவேன்.

மாமா: நாளைக்கும் எட்டரைதான் வந்தா?

தம்பி: எட்டரைன்னா எட்டரைதான் மாமா. ஜட்ஜு என்ன பண்ண முடியும்?

அக்கா: நாளைக்கு யாரும் எங்கயும் ஓட்ட வேண்டாம்.

தம்பி: ஏன்க்கா?

அக்கா: எட்டு குடுத்தாலும் ஏழு குடுத்தாலும் இதுலதான் போய் வரப் போறேன். குவார்ட்டர்ஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மாமா: எழுதிக் குடுத்துட்டியா? எப்ப?

அக்கா: இன்னிக்கு ஆபீசுக்குள்ள போனேன்ல, அப்ப.

மாமா: எதுக்குப் போனயாம் உள்ள? குவார்ட்டர்ஸ் சாவி வாங்கணும்னுதானே சொன்ன?

அக்கா: வாங்கத்தான் போனேன். பேனாவைக் கையில குடுத்து, இங்க ஒரு கையெழுத்துன்னாங்க. அப்ப ஜன்னல் பக்கம் திரும்பினேன்...

மாமா: ஜன்னலா? எந்த ஜன்னல்?

அக்கா: நீங்க இப்பதானே சொன்னீங்க, குவார்ட்டர்ஸ் ஜன்னல்லாம் பெருசுன்னு, ஆபீஸ் ஜன்னலும் அதே மாதிரிதான், ஜீப்பு நல்லாத் தெரியுது.

தம்பி: ஐயையோ... மாமா, மாட்டினீங்க!

மாமா: அப்ப நீ... என்னைத் திட்டினயே, கள்ளத்தனம், இந்த வயசுலன்னு...

அக்கா: நீங்க வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் விடறதில்லைன்னு இருந்தேன்.

மாமா: தெரிஞ்சும் நீ எதுக்குடி நாலு லிட்டர் ஊத்தின?

அக்கா: பின்ன? கேனைத் தூக்கிக்கிட்டு, திருதிருன்னு முழிச்சுக்கிட்டு, டேங்க்கைப் பார்க்காம அக்கம்பக்கம் பார்த்துக்கிட்டே ஊத்தினீங்க. பாதி வெளியதான் போயிருக்கும்னு நினைச்சேன். காலையில நான் பிடிச்சு வச்சது உங்களை விட்டுப் போகாம இருக்க; வேண்டாம்னு எழுதிக் குடுத்தப்புறம், நீங்க தோத்துடக் கூடாதேன்னுதான் ஊத்தினேன்.